மூன்றாம் சுற்றுச் சேறு

அக்கா மகன் விடுமுறைக்கு வந்தால் எங்கள் வீட்டுப் பழைய பிளேஸ்டேஷன் 3 பெட்டிக்கு உயிர் வரும். புதுக் கேம்கள் எத்தனையோ இருக்க, அவன் கேட்பது அவன் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்ட மோட்டார்ஸ்டார்மைத்தான். போன முறை நான் பைக்கைத் தேர்ந்தெடுத்தேன். "இந்த எடத்துக்கு பைக் வேணாம் மாமா, சேத்துல சாஞ்சுருவீங்க" என்றான். எடை குறைந்த வண்டிதானே, பறக்கும் என்று நினைத்தேன். முதல் சுற்றில் பறக்கவும் செய்தது. மூன்றாம் சுற்றில் அதே வளைவுக்கு வந்தபோது இடமே அடையாளம் தெரியவில்லை. மெழுகிவிட்ட முற்றம் போலிருந்த சேறு, உழுதுபோட்ட வயலாகிக் கிடந்தது. முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது, பைக் சாய்ந்தது, பின்னால் வந்த லாரி தயவுதாட்சண்யம் இல்லாமல் என்மேல் ஏறிப் போனது.

சிரித்து முடித்தபிறகு அவன் சொன்னான்: "அந்தப் பள்ளம் யாரு போட்டதுன்னு நெனச்சீங்க? மொதச் சுத்துல நாம எல்லாரும் போட்டதுதான்."

பெரும்பாலான கார்ப் பந்தய கேம்களில் சாலை என்பது சிமென்ட் தரை. நீங்கள் ஆயிரம் முறை ஓட்டினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. வண்டிதான் கதாநாயகன், தரை வெறும் மேடை. மோட்டார்ஸ்டார்ம் இதை மாற்றிப் பார்த்தது. இங்கிலாந்தின் ரன்கார்ன் ஊரில் இருந்த எவல்யூஷன் ஸ்டூடியோஸ் செய்த கேம் இது. 2006 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது, மற்ற நாடுகளுக்கு 2007 மார்ச்சில் வந்து சேர்ந்தது. அதற்கு முன் இதே நிறுவனம் உலக ராலி சாம்பியன்ஷிப்பின் அதிகாரபூர்வ கேம்களைச் செய்துகொண்டிருந்தது, அதனால் சரளைக்கல்லும் மண்ணும் அவர்களுக்குப் பழக்கம். களமாக எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா எல்லையில் இருக்கும் மான்யுமென்ட் வேலியை. செம்பாறைக் குன்றுகள் தனித்தனியாக நிற்கும் அந்த நிலத்தை ஜான் ஃபோர்டின் கௌபாய்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அது நவஹோ மக்களின் பழங்குடிப் பூங்கா.

பைக், நான்கு சக்கர பைக், பக்கி, ராலி கார், பந்தய டிரக், பெரிய டயர் போட்ட 'மட்பிளக்கர்' எனும் சேற்று வண்டி, கன்டெய்னர் இழுக்கும் ராட்சத லாரி என்று ஏழு வகை. எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே தடத்தில். பைக்கும் லாரியும் எப்படி ஒன்றோடொன்று போட்டியிடும்? தடத்தைப் பல கிளைகளாகப் பிரித்துப் பதில் தேடினார்கள். மேலே குறுகலான பாறைவழி, எடை குறைந்தவர்களுக்கு. கீழே அகலமான சேற்றுவழி, பெரிய வண்டிகளுக்கு. ஆக, எந்த வண்டி நல்ல வண்டி என்ற கேள்விக்கு அங்கே அர்த்தமில்லை. எந்த மண்ணுக்கு எந்த வண்டி என்றுதான் கேட்க வேண்டும்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. சேற்றில் கனமானதுதானே முதலில் புதையும்? லாரி எப்படி அங்கே ராஜாவாகும்?

தரை பார்ப்பது எடையை அல்ல, அழுத்தத்தை. காற்றடிக்கும் கடையில் "முப்பது வைங்க" என்று காருக்குச் சொல்கிறோமே, அது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு. நம் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ. டயரின் விறைப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், டயருக்குள் என்ன அழுத்தமோ, ஏறக்குறைய அதே அழுத்தத்தைத்தான் டயர் தரைக்குக் கொடுக்கிறது. எடை கூடினால் டயர் கொஞ்சம் நசுங்கி, தரையைத் தொடும் பரப்பைக் கூட்டிக்கொள்ளும். 1,200 கிலோ கார் என்றால் ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ, தொடும் பரப்பு சுமார் 143 சதுர சென்டிமீட்டர். ஓர் உள்ளங்கை. நான்கு சக்கரத்தையும் கூட்டினால் ஓர் ஏ4 தாள் அளவுகூட வராது. நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் நம்மைப் பிடித்துவைத்திருப்பது அவ்வளவுதான் என்பதை ஓட்டும்போது நினைக்காமல் இருப்பது நல்லது.

நடக்கும் மனிதன் ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் தரைக்குக் கொடுப்பது சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோ அளவில்தான். கார் அதைப்போல ஏழு மடங்கு. நெடுஞ்சாலை லாரியின் டயரில் 100 பவுண்டுக்கு மேல் காற்று இருக்கும் என்பதால் அது இருபது, இருபத்தைந்து மடங்கு. அப்படியானால் சேற்றில் மிக மோசமாகப் புதைய வேண்டியது கேமில் ராஜாவாக வரும் அந்த லாரிதான். பாலைவன ராலி ஓட்டுநர்கள் மணல்மேட்டுக்கு வந்ததும் டயர்க் காற்றை இறக்குவதும் இதனால்தான். காற்று பாதியானால் தொடும் பரப்பு இரண்டு மடங்காகும், மண்ணின்மேல் விழும் அழுத்தம் பாதியாகும்.

புதைவது பாதிக் கதைதான். சக்கரம் சுழன்று வண்டியை முன்னால் தள்ள வேண்டுமே, அந்தப் பிடி எங்கிருந்து வருகிறது? இங்கே உதவிக்கு வருபவர் பள்ளிப் பாடத்தில் மின்னூட்டங்களின் விதியோடு அறிமுகமாகும் கூலூம். மின்சாரத்துக்கு வருவதற்கு முன் அவர் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். கரீபியக் கடலில் மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டும் வேலையில் எட்டாண்டுகள் மண்ணோடு மல்லுக்கட்டியவர். மண் எப்போது சரியும் என்பதைப் பற்றி 1773இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் அவர் வைத்த கட்டுரையின் சாரம் இதுதான்: மண்ணின் வலிமை இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, துகள்கள் ஒன்றோடொன்று உராய்வதால். மேலே எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு உராய்வு. இன்னொன்று, துகள்கள் ஒட்டிக்கொள்வதால். இதற்கு மேலிருக்கும் அழுத்தம் ஒரு பொருட்டல்ல, எவ்வளவு பரப்பு ஒட்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

காய்ந்த மணலில் ஒட்டுதல் கிடையாது, எல்லாமே உராய்வு. அங்கே எடை கூடினால் பிடியும் கூடும். ஈரக் களிமண் நேரெதிர். உராய்வு கிட்டத்தட்டப் பூஜ்யம், ஒட்டுதல் மட்டுமே. அங்கே தொடும் பரப்பு மாறாதவரை எத்தனை டன் ஏற்றினாலும் பிடி கூடாது, அகலமான சக்கரம்தான் உதவும். மட்பிளக்கருக்குப் பெரிய டயர் மாட்டிய வடிவமைப்பாளர் கூலூமைப் படித்தாரோ இல்லையோ, சரியாகத்தான் மாட்டியிருக்கிறார்.

நம் ஊர் நெல் வயல் இதற்கு நல்ல சாட்சி. சேற்றுழவுக்கு இறங்கும் டிராக்டருக்கு இரும்புக் கூண்டு போன்ற கேஜ் வீலை மாட்டுவார்கள். அது சேற்றில் பரப்பைக் கூட்டுகிறது, அதன் பட்டைகள் சேற்றை வெட்டிக்கொண்டு உள்ளே போய் அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பற்றிக்கொள்கின்றன. பல்லாண்டு உழவில் இறுகிப்போன அந்த அடித்தரை இல்லாவிட்டால் டிராக்டர் வயலிலேயே தங்கிவிடும்.

கேமுக்காக வாதாட வேண்டுமானால் இந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். மான்யுமென்ட் வேலியில் சேறு என்பது பாறைமேல் படிந்த மெல்லிய படலம்தான் என்று வைத்துக்கொண்டால், கனத்த லாரி சேற்றைப் பிளந்து அடியில் இருக்கும் பாறையைத் தொட்டுவிடும், எடை முழுவதும் பிடியாக மாறும். பனி ராலிகளில் கார்களுக்கு ஒல்லியான டயர் போடுவதும் இதே நோக்கத்தில்தான். மேல்படலத்தில் மிதக்காமல் அதை அறுத்துக்கொண்டு கீழே போக வேண்டும். ஆனால் கேமில் வரும் சேறு அவ்வளவு ஆழமில்லாதது என்று யாரும் சொல்லவில்லை. லாரிக்கு ஒரு நல்ல இடம் கொடுத்தாக வேண்டுமே என்று கொடுத்தார்கள் என்பதே என் தீர்ப்பு.

பைக் விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. என்னைச் சாய்த்தது எடையோ அழுத்தமோ அல்ல, அந்தப் பள்ளத்தின் சுவர்கள். ஓடுகிற பைக் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முன்சக்கரம் லேசாகத் திரும்பி, சாய்ந்த உடலுக்கு அடியில் சக்கரத்தைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. நேராகப் போவதாக நாம் நினைக்கும் பைக் உண்மையில் வினாடிக்கு வினாடி இப்படித் திருத்திக்கொண்டே நெளிந்து போகிறது. தடப்பள்ளத்தில் இறங்கிய முன்சக்கரத்துக்குத் திரும்ப இடமில்லை. திருத்தம் நின்றது, சாய்வு தொடர்ந்தது. டிராம் தண்டவாளத்தில் சக்கரம் சிக்கிய சைக்கிள்காரருக்கும் இதேதான் நடக்கிறது. நான்கு சக்கர வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை; அதற்குப் பள்ளம் தண்டவாளம் போலச் சில நேரம் உதவக்கூடச் செய்யும்.

வண்டிக்கும் மண்ணுக்கும் இடையிலான இந்த வழக்கைத் தனித் துறையாகவே எழுப்பியவர் போலந்தில் பிறந்த மெச்சிஸ்வாவ் பெக்கர். இரண்டாம் உலகப் போரில் நாட்டை விட்டு வெளியேறி, கனடா வழியாக அமெரிக்கா போனார். 1956இல் வெளிவந்த அவருடைய நூல்தான் இத்துறைக்கு அடித்தளம். மண்ணில் தட்டுகளை அழுத்தி, எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்து, அதிலிருந்து ஒரு சக்கரம் எவ்வளவு புதையும், எவ்வளவு இழுவை தேவைப்படும் என்று கணக்கிட வழிசெய்தார். அவர் பார்வையில் தடப்பள்ளம் என்பது செலவுக் கணக்கு. மண்ணை அமுக்கிப் பள்ளமாக்க வேலை செய்தாக வேண்டும், அதற்கான ஆற்றலை எஞ்சின்தான் கொடுக்க வேண்டும். தார்ச்சாலையில் ஒரு டன் வண்டியை உருட்ட 10 முதல் 15 கிலோ அளவுள்ள விசை போதும். தளர்ந்த மணலில் அது 200, 300 கிலோ வரை போகும். கடற்கரை மணலில் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தவர்கள் இதைக் கெண்டைக்காலால் கணக்கிட்டிருப்பார்கள்.

முன்னால் போகிறவர் மண்ணை அமுக்கிய செலவை ஏற்றுக்கொள்கிறார், பின்னால் வருகிறவர் அதே தடத்தில் மலிவாகப் போகலாம். மணலில் இப்படி. ஈரக் களிமண்ணிலோ ஒவ்வொரு வண்டியும் போகப் போக மண் குழைந்து வலுவிழக்கும், பத்தாவது வண்டிக்குக் குழம்புதான் மிஞ்சும். சரளைக்கல் சாலையில் நடக்கும் உலக ராலிகளில் முதலில் கிளம்புகிறவர் மேலே கிடக்கும் உதிரிக் கற்களைத் தன் டயரால் பெருக்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்குச் சுத்தமான பாதை. முதல் நாளில் முதலில் போக வேண்டியவர் புள்ளிப் பட்டியலில் முன்னணியில் இருப்பவர் என்பதால், நன்றாக ஓட்டியதற்குத் தண்டனையாக அடுத்தவருக்கு வாசல் பெருக்கிவிடுகிறார். வண்டிகள் கூடிக்கொண்டே போனால் பெருக்கிய பாதையும் பள்ளமாகும், அப்போது ஆதாயம் கைமாறும். ராலி கேம் செய்து பழகியவர்கள் மூன்றாம் சுற்றுச் சேற்றைப் பற்றி யோசித்ததில் எனக்கு வியப்பில்லை.

கணினிக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்லித்தருவது? ஒவ்வொரு மண்துகளையும் கணக்கிடும் பேச்சுக்கே இடமில்லை. தரையின்மேல் கட்டம் கட்டமாக ஒரு வலையை விரித்து, ஒவ்வொரு முடிச்சுக்கும் உயரம் என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவதுதான் இத்தகைய கேம்களில் வழக்கமான உத்தி. சக்கரம் ஏறினால் அந்த எண் குறையும், ஓரத்து எண்கள் கூடும். பள்ளம் வந்துவிட்டது, வரப்பும் வந்துவிட்டது. சக்கரத்தையும் முழுச் சக்கரமாகக் கணக்கிடாமல், அச்சிலிருந்து கீழே ஒரு கற்பனைக் கோட்டை இறக்கி, அது தரையை எங்கே தொடுகிறது என்று மட்டும் பார்க்கும் கேம்கள் உண்டு. மண்ணைவிடக் காலம்தான் பெரிய தலைவலி. திரையில் வினாடிக்கு 30 படம் ஓடுகிறது என்றால், மணிக்கு 108 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் சரியாக ஒரு மீட்டர் தாண்டிவிடும். நடுவில் கிடக்கும் ஒரு சாண் கல்லை அது சந்திக்கவே சந்திக்காது. அதனால் இயற்பியல் கணக்கைப் படங்களைவிடச் சிறு சிறு துண்டுகளாகப் போட வேண்டியிருக்கிறது. ஏழு வகை வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும் கேமில் இந்தச் செலவு எங்கே போய் முடியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு நம் கண் எளிதில் ஏமாறாது. லாரி கனமானது என்று கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? திரைக்கு எடை கிடையாதே. அசைவின் தாளத்தில்தான் தெரிகிறது. பெரிய பொருள் மெதுவாக ஆடும், சின்னது படபடவென்று ஆடும். அளவு நான்கு மடங்கானால் ஆட்டத்தின் நேரம் இரண்டு மடங்கு, வர்க்கமூலக் கணக்கு. கிராபிக்ஸ் வராத காலத்தில் 25இல் ஒரு பங்கு பொம்மைக் கப்பலை வைத்துப் படமெடுத்தவர்கள் கேமராவை ஐந்து மடங்கு வேகத்தில் ஓட்டியது இதனால்தான். கேமில் லாரியின் ஸ்பிரிங் கொஞ்சம் வேகமாகத் துள்ளிவிட்டால் போதும், அது தகர பொம்மையாகிவிடும். மோட்டார்ஸ்டார்மின் லாரி வளைவில் சாய்ந்து, ஒரு கணம் யோசித்து, பிறகு நிமிரும். அந்த ஒரு கணத்துக்காகவே நான் சில நேரம் அதை எடுப்பேன்.

பாய்ச்சலுக்கு வந்தால் கேம் கூசாமல் பொய் சொல்லும். ஒரே மேட்டிலிருந்து ஒரே வேகத்தில் பாய்ந்தால், காற்றின் தடையைத் தள்ளிவிட்டு, பைக்கும் லாரியும் ஒரே தூரம்தான் பறக்கும், கலிலியோ சொன்னபடி. வித்தியாசம் இறங்கும்போது. மூன்று மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் விழும் வண்டியின் சஸ்பென்ஷன் 30 சென்டிமீட்டர் அமுங்கி அதைத் தாங்குகிறது என்றால், சராசரியாகவே தன் எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் விசையைத் தாங்கியாக வேண்டும். மோட்டோகிராஸ் பைக்கின் சஸ்பென்ஷன் அந்த 30 சென்டிமீட்டருக்காகவே செய்யப்பட்டது. ஓட்டுபவரின் முழங்காலும் கொஞ்சம் உதவும். சரக்கு லாரியின் பட்டை ஸ்பிரிங்குக்கு அந்த வசதி இல்லை. எட்டு டன் வண்டிக்கு எண்பது டன் அடி விழுந்தால் அடுத்து நடப்பது பந்தயம் அல்ல, பழைய இரும்புக் கடை.

பைக்கும் லாரியும் ஒரே பந்தயத்தில் ஓடுவது மட்டும் கேமின் கற்பனை இல்லை. 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து செனகல் நாட்டின் டாக்கர் நகரத்துக்கு, சுமார் 10,000 கிலோமீட்டர், 182 வண்டிகள் கிளம்பின. பைக், கார், டிரக் என்று தனித்தனிப் பட்டியல் அப்போது இல்லை. போய்ச் சேர்ந்தவை 74. எல்லோருக்கும் முன்னால் நின்றது சிரில் நவூ ஓட்டிய யமஹா பைக். இதை அக்கா மகனிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அங்க சேறு இல்ல மாமா, மணலு" என்றான்.

சரிதான். மணலைப் பற்றிப் பேசுவதென்றால் பெக்கரின் இன்னொரு வாடிக்கையாளரைச் சொல்லாமல் விட முடியாது. அப்போலோ விண்வெளி வீரர்கள் சந்திரனில் ஓட்டிய வண்டியின் வடிவமைப்பில் அவருக்குப் பங்குண்டு. அங்கே காற்றடைத்த டயர் சரிப்படாது, அதனால் எஃகுக் கம்பியைப் பின்னி, மேலே டைட்டானியப் பட்டைகள் பதித்த சக்கரம். வண்டி 210 கிலோ. சந்திரனில் தராசு வைத்தால் 35 கிலோ காட்டும். கூலூமின் கணக்கு இங்கே ஒரு வேடிக்கை காட்டுகிறது. தூசிமண்ணில் பிடி எடையைப் பொறுத்தது, அது ஆறில் ஒன்றாகிவிட்டது. ஆனால் வண்டியைத் திருப்பவும் நிறுத்தவும் எதிர்க்க வேண்டிய நிறை அப்படியே இருக்கிறது. ஆக, மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகமே அங்கே ராலி வேகம். 1972 ஏப்ரலில் அப்போலோ 16இன் ஜான் யங் அந்த வண்டியை வட்டமடித்தும் வளைத்தும் சோதித்துப் பார்க்க, சார்லஸ் டியூக் அதைப் படமெடுத்தார். அதற்கு 'கிராண்ட் பிரி' என்றே பேர் வைத்தார்கள். சக்கரம் துள்ளுகிறது, பின்பக்கம் வழுக்குகிறது, கிளம்பும் தூசி புகையாக மிதக்காமல் கல்லெறிந்ததுபோல வளைந்து கீழே விழுகிறது. காற்று இல்லாத இடத்தில் தூசி மேகமாக முடியாது. மோட்டார்ஸ்டார்மின் செம்புழுதியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த உண்மைப் படம்தான் கேம் போலத் தெரியும். அப்போலோ வண்டிகள் போட்ட தடங்கள் இன்னும் அழியவில்லை, சந்திரனைச் சுற்றிவரும் நாசாவின் கலம் மேலிருந்து அவற்றைப் படமெடுத்திருக்கிறது.

கைப்பேசியில் அந்த 'கிராண்ட் பிரி' படத்தை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தான்.

"நிலாவுல ஓடுற தண்ணியே இல்ல, அப்ப சேறும் இருக்காது. அங்க பைக் எடுக்கலாமே?"

நாசா சந்திரனுக்காக ஒரு மின்சார பைக்கைக் கூடச் சோதித்துப் பார்த்தது, கடைசியில் அனுப்பவில்லை என்றேன்.

"அனுப்பியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பந்தயத்தை மறுபடி தொடங்கினான். சேறு மெழுகிவிட்ட முற்றமாக மாறியிருந்தது. என்னைக் கேட்காமலே எனக்கு மட்பிளக்கரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தனக்கு பைக்கை எடுத்துக்கொண்டான்.